என் வயிற்றை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில்தான் எங்கள் பலகாரக் கூடம் இருக்கிறது. அந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வீட்டு ஆச்சி முகப்பில் இருந்து ஆள் விட்டால், நான் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கட்டுகளைக் கடந்து போய்க் கணக்குச் சொல்லிவிட்டு வருவேன். 2021 கடைசியில் அந்த நடையில் மூச்சு வாங்கி, வளவுத் (உள்முற்றத்துத்) தூண் ஒன்றில் சாய்ந்து நிற்க வேண்டி வந்தது. ஓராண்டு கழித்து இரண்டு இடத்தில் உட்கார வேண்டி வந்தது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி மலையேறுகிற வழக்கம் உண்டு. 2023இல் வீட்டார் எல்லோரும் ஏறினார்கள். நான் அடிவாரத்தில் செருப்புகளுக்குக் காவல் இருந்தேன்.

எடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நான் போன மருத்துவர்கள் அங்கேதான் ஆரம்பித்தார்கள். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 94 கிலோ. வயது அப்போது 43.

முதலில் போன மருத்துவர் தொழிலைக் கேட்டார். பலகாரம் போடுகிறேன் என்றேன். “அப்புறம் என்னம்மா, ருசி பார்த்தே வயிறு நிறைந்துவிடும்” என்று சிரித்தார். உதவியாளரும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன், அதுதான் இன்றைக்கும் எரிகிறது. விடிந்தது முதல் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பவளுக்குத் தேன்குழலைக் கண்டாலே குமட்டும். சாயந்திரம் கஞ்சியும் துவையலும்தான் இறங்கும். தொழிலில் இருக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வாள். மூச்சு வாங்குகிறது, களைப்பாக இருக்கிறது, மாதவிலக்கு அதிகமாகப் போகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தினார். “எடை குறைந்தால் அதுவும் சரியாகும். 20 கிலோ குறைத்துவிட்டு வாருங்கள்.” மூன்று நிமிடம் ஆகியிருக்கும். நான் உட்கார்ந்த நாற்காலியைவிட்டு எழவில்லை, அவரும் எழவில்லை.

20 கிலோ என்பது ஒரு சின்ன மூட்டை இட்லி அரிசி. எங்கே போய் இறக்கி வைப்பது?

இரண்டாவதாகப் போன இடத்தில் எடை பார்க்கும் இயந்திரம் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் நடுவில், டிவிக்குக் கீழே கிடந்தது. எண்ணைச் சீட்டில் எழுதினால் போதாதா? உதவியாளர் பெண் “தொண்ணூற்று நாலு” என்று உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி சத்தம் கொடுத்தார். என்னிடம் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பலகாரம் வாங்கிய ஓர் அம்மாள் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டென்று டிவியைப் பார்க்கத் தொடங்கினார். நல்ல மனுஷி, எனக்காகத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு நான் அவருக்குத் தொலைபேசியில் மட்டும்தான் பேசினேன்.

அங்கே பிரஷர் பார்த்தார்கள். கையில் சுற்றுகிற பட்டை என் மேல்கைக்குப் பற்றவில்லை. ஒட்டுகிற இடம் காற்று ஏற ஏறப் பிய்த்துக்கொண்டது. அந்தப் பெண் அதைத் தன் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அளந்தார். மாடிப்படி ஏறி வந்த மூச்சுகூட எனக்கு அடங்கவில்லை. 162க்கு 98. அன்றைக்கே மாத்திரை எழுதினார்கள். மாத்திரை போட்ட பிறகு எழுந்து நின்றால் தலை சுற்றியது. போய்ச் சொன்னேன். உடம்பு பருமனாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

பச்சரிசிக் கதையும் அங்கேதான் நடந்தது. அதிரசத்துக்கு ஊறப்போட்ட பச்சரிசியின் மணம் எனக்கு அந்த நாட்களில் பைத்தியம் பிடிக்க வைத்தது. வடிகட்டி நிழலில் உலர்த்தும்போது கைப்பிடி கைப்பிடியாக அள்ளி வாயில் போடுவேன். “அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும்” என்று அம்மா சின்ன வயதில் மிரட்டுவாள். 43 வயதில், மழை பெய்து முடிந்த பிறகு இது என்ன ஆசை என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஏதாவது நோயாக இருக்குமோ என்று அந்த மருத்துவரிடம் கேட்டேன். அவர் பேனாவை மூடினார். “ஆக, சும்மா இருக்கிற நேரத்தில் அரிசி தின்றுகொண்டிருக்கிறீர்கள். பிறகு எப்படி எடை குறையும்?”

இரும்புச் சத்து மிகவும் குறைந்துபோனவர்களுக்குப் பச்சரிசி, ஐஸ்கட்டி, மண், சாம்பல் இவற்றின் மேல் அடக்க முடியாத ஆசை வரும். இதை எனக்குப் பிறகு சொன்னவள் என் அக்காள் மகள், செவிலியர் படிப்பு மூன்றாம் ஆண்டு. “முதல் வருடப் பாடம், சித்தி” என்றாள். நானாக வாய்விட்டுச் சொன்ன ஒரு நோய்க்குறியை அந்த மருத்துவர் என் தீனி ஆசையாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஏறத்தாழ 15 மாதம் நான் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. இந்த இடத்தில் என்மேலும் குற்றம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. அந்த நாட்களில் கறுப்புச் சேலை மட்டும் கட்டினேன். இரவில் பாயில் ரப்பர் விரிப்பு போட்டுப் படுத்தேன். ரத்தம் கட்டி கட்டியாகப் போனதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. போனால் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துபோன பிறகு கால் எழாது. 20 கிலோவைக் குறைத்துக் கணக்குக் காட்டிவிட்டுத்தான் அந்த வாசலை மிதிக்க வேண்டும் என்று என்னவோ வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளை மாதிரி ஒளிந்துகொண்டிருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். எடை இரண்டு கிலோ குறைந்து மறுபடி ஏறிக்கொண்டது, வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். கானாடுகாத்தானில் ஏறிய ஒரு பாட்டி, “இது எத்தனாவது மாதம், ஆத்தா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பாட்டிதான் அதுவரை என்னைப் பார்த்தவர்களிலேயே சரியாகப் பார்த்தவர் என்பது பிறகு தெரிந்தது.

2024 ஜூனில் ஒரு நாள் முறுக்குச் சுற்றும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஆட்டோ வைத்து முதல் மருத்துவரிடமே கூட்டிப் போனாள். அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையைத் தன் கையோடு வைத்துப் பார்த்தார். பிறகு, “படுங்கள், வயிற்றைப் பார்க்கிறேன்” என்றார்.

படுக்கையில் ஏறுவதற்குப் படி இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது, வேண்டாம் என்றேன். அவர் ஒரு முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். தொப்புளுக்குக் கீழே அழுத்தினார், இன்னொரு கையால் பக்கவாட்டில் அழுத்தினார், மறுபடி தொப்புளுக்கு மேலே வந்தார். “இந்தக் கட்டி எத்தனை நாளாக இருக்கிறது?” என்றார். என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தோலுக்கும் சதைக்கும் கீழே, கல் மாதிரி, ஒரு விளிம்பு கைக்குத் தட்டுப்பட்டது. அது கொழுப்பில்லை என்று தெரிய எனக்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. தினமும் மாவு பிசைகிற கை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.2. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 8க்குக் கீழே போனால் கடுமையானது. ஸ்கேன் எடுத்தவர், “கொழுப்பு மறைக்கிறது, சரியாகத் தெரியாது” என்று என் காதுபடவே சலித்துக்கொண்டார். அது உண்மையும்தான், சதை தடிமனாக இருந்தால் வயிற்றுக்கு மேலே வைத்து எடுக்கிற ஸ்கேன் மங்கலாகும். ஆனால் அந்த இளம் மருத்துவர், பிறப்புறுப்பு வழியாக எடுக்கிற உள்வழி ஸ்கேனையும் சேர்த்தே எழுதியிருந்தார். கருப்பையில் பல நார்த்திசுக்கட்டிகள் (ஃபைப்ராய்டு). ரத்தம் அவ்வளவு போனதும், அதனால் ரத்தசோகை வந்து மூச்சு வாங்கியதும் இவற்றால்தான். கருப்பை மொத்தமும் 24 வாரக் கர்ப்பம் அளவுக்கு வீங்கியிருந்தது. பாட்டி கேட்டாரே, எத்தனாவது மாதம் என்று. ஆறாவது.

மதுரைக்குப் போங்கள் என்று அந்த இளம் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அக்காள் மகள் என்னைச் சும்மா அனுப்பவில்லை. ஒரு தாளில் எழுத வைத்தாள்: மாதத்தில் எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், ரத்தக்கட்டி நெல்லிக்காய் அளவா எலுமிச்சை அளவா, எத்தனை அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, எப்போதிருந்து. எடை அந்தத் தாளில் கிடையாது. “அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், சித்தி, நீங்கள் மூச்சில் ஆரம்பியுங்கள்.” பேச்சு எடைப் பக்கம் போனால் சொல்வதற்கு ஒரு வாக்கியமும் சொல்லிக் கொடுத்தாள்: “இதே தொந்தரவோடு ஒல்லியான ஒரு பெண் வந்தால் என்னென்ன பார்ப்பீர்களோ, அதையெல்லாம் எனக்கும் பார்த்துவிடுங்கள், டாக்டர்.” பேருந்தில் திருப்பத்தூர் தாண்டும் வரை அதை மனப்பாடம் செய்தேன். மதுரையில் அதற்குத் தேவை வரவில்லை. பிற்பாடு முழங்கால் வலிக்கு உள்ளூரில் ஒருவரிடம் போனபோது சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எழுதினார்.

மதுரையில் நடந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன், இந்த வழியில் போகிறவர்களுக்கு உதவும். முதலில் கருப்பையின் உள்சவ்வில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். 40 வயதுக்கு மேல் இவ்வளவு ரத்தப்போக்கு இருந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லை என்று வந்தது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு ஈடாகத் தம்பியும் அவன் நண்பனும் ரத்தம் கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரும்புச் சத்து மருந்தைச் சலைனில் கலந்து ஏற்றினார்கள், காப்பித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டிய பிறகுதான் அறுவைக்கு நாள் குறித்தார்கள். சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்துக் கட்டியது தனிக் கதை, அதை விடுங்கள்.

அங்கே ஒரு செவிலியர் பிரஷர் பார்ப்பதற்கு முன்னால், ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல் இஞ்ச் டேப்பால் என் மேல்கையைச் சுற்றினார். 41 சென்டிமீட்டர். “சாதாரணப் பட்டை 34 வரைதான்” என்று சொல்லி அலமாரியில் இருந்து பெரியதை எடுத்து வந்தார். ஐந்து நிமிடம் உட்கார வைத்த பிறகு அளந்தார். 136க்கு 84. பட்டை சிறியதாக இருந்தால் எண் கூடுதலாகத்தான் காட்டும் என்பது மருத்துவத்தில் பழைய செய்தியாம். காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டுமாம். நான்கு நாள் தொடர்ந்து அளந்துவிட்டு மாத்திரையை நிறுத்தினார்கள். தலைச்சுற்றலில் ஒரு பங்கு அதோடு போனது.

மயக்க மருந்து கொடுப்பவர் வந்து எடையைக் கேட்டபோது எனக்கு உடம்பு விறைத்தது. அவர் அதைக் குறித்துக்கொண்டு, குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று விழித்ததுண்டா, கழுத்துச் சுற்றளவு எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார். மருந்தின் அளவு, மூச்சுக் குழாய் வைக்கும் விதம், காலில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி எல்லாவற்றுக்கும் அது வேண்டும் என்று விளக்கினார். அதே 94தான். முதல் தடவையாக யாரோ அதை வைத்து எனக்காக ஒரு வேலை செய்தார்கள். அறுவை செய்தவரும் எடையை மூடி மறைக்கவில்லை. பருமனுக்கும் இந்தக் கட்டிகளுக்கும் தொடர்பு உண்டு, எடை குறைத்தால் முழங்காலுக்கும் நல்லது என்றுதான் சொன்னார். சொன்ன நேரம், கட்டியை எடுத்த பிறகு.

கட்டிகளோடு எடுத்த கருப்பை 1 கிலோ 600 கிராம். சாதாரணமாகக் கருப்பை 100 கிராமைக்கூட எட்டாது.

பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, அதைப் பற்றி ஒரு வார்த்தை. என் கணக்கு 39 என்று எல்லாச் சீட்டிலும் வட்டம் போட்டிருந்தது. அந்தக் கணக்கைப் போட்டவர் 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் இருந்த கெட்டலே என்ற கணிதக்காரர். ஜனங்களின் சராசரியைப் பார்க்கப் போட்டார், ஒருத்தியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க இல்லை. 1972இல் அமெரிக்காவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். நம் நாட்டு உடம்புக்கு 23க்கு மேலேயே எச்சரிக்கை, 25இல் பருமன் என்று தாழ்த்தியிருக்கிறார்கள், சர்க்கரை நமக்குச் சீக்கிரம் வருவதால். அதெல்லாம் சரி. 39 என்ற எண்ணுக்குள் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கட்டியும் சேர்ந்து எடை போடப்பட்டது என்பதுதான் என் வழக்கு.

ஆகஸ்டில் அறுவை, அக்டோபர் நடுவில் கூடத்துக்குத் திரும்பினேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. எதையும் தூக்கக் கூடாது என்பதால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஏவிக்கொண்டிருந்தேன். எடை 89. இன்னும் பருமன்தான். ஆச்சி கூப்பிட்டுவிட்டார், முகப்பு வரை நடந்து போய், ஆர்டர் பேசிவிட்டு, நின்றபடியே காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். வரும்போது பின்கட்டில் அதிரசத்துக்கு ஊறின அரிசியை வெள்ளை வேட்டியில் பரப்பியிருந்தார்கள். அதைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து பாகு பதம் வந்துவிட்டதா என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் அரிசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா?”

“ஒன்றுமில்லை. கை போகவில்லையே என்று பார்த்தேன்.”