1865 இல்லைங்க மாமா

காங்கயம் பக்கத்து எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீடு 1865இல் கட்டியது என்று கேட்டுத்தான் வளர்ந்தேன். யார் வந்தாலும் அட்டாலிக்கு (பரணுக்கு) ஏணி போடச் சொல்லி, ஓட்டின் அடிப்பக்கத்தைக் காட்டுவார் அப்பிச்சி (அம்மாவின் அப்பா). ஆங்கில எழுத்தில் பேசல் மிஷன் டைல் ஒர்க்ஸ், மங்களூர், கூடவே 1865 என்று புடைப்பாக இருக்கும். இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும் என்பார்.

போன மாதம் ஓடு மாற்ற ஆள் வந்தபோது நானும் மேலே ஏறினேன். எல்லா ஓட்டிலும் ஒரே வருடம். சரி, ஒரே சூளையில் வந்ததாக இருக்கும் என்று விட்டிருப்பேன், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் இறக்கிப் போட்டிருந்த, அல்புகர்க் என்ற இன்னொரு மங்களூர் ஆலையின் ஓட்டில் 1868 என்று இருந்தது, அந்த வீடு கட்டியதைப் பார்த்தவர்களே இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். 1865 என்பது சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்துக் கிறிஸ்தவ மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய வருடம். ஓடு சுட்ட வருடம் இல்லை. முதல் உலகப் போரை ஒட்டி அந்த ஆலைகள் அவர்கள் கையைவிட்டு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்துக்குப் போய்விட்டன. மங்களூருக்கு ரயில் வந்ததே 1907இல்தான். ஊத்துக்குளி ரயிலடியில் இறக்கி மாட்டு வண்டியில் கொண்டுவந்த ஓடு என்று அமுச்சி சொல்வாள், ஓட்டில் மிஷன் பெயரும் இருக்கிறது, அதனால் 1907க்கும் போருக்கும் நடுவில் என்பது என் கணக்கு. (பழைய ஓட்டை வாங்கிப் போட்டிருந்தால் இந்தக் கணக்கும் போச்சு.)

வீடு தொட்டிக்கட்டு. நடுவில் வானம் பார்த்த வாசல், சுற்றித் தாழ்வாரம், முன்னால் ஆசாரம் (கூடம்), பின்னால் பொடக்காலி (கொல்லைப்புறம்). மழை பெய்தால் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் வாசலில் கொட்டி, சலதாரை வழியாகத் தெருவுக்கு ஓடும். எங்கள் பக்கம் மழையே அபூர்வம், அதனால் மழை என்றால் எல்லோரும் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வோம்.

இருந்தவர்களைப் பற்றி ஓட்டைவிடக் கதவு மூலைதான் அதிகம் சொல்கிறது. சமையலறைக் கதவைச் சாத்தினால் பின்னால் சுவரில் கரிக்கோடுகள், நாலு நேராக, ஒன்று குறுக்கே. அமுச்சியின் மாமியார் வெண்ணெய் விற்ற கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் கடைசி வரிசையில் மூன்று கோடு அடைபடாமல் நிற்கிறது, யாரோ காசு தராமல் போயிருக்கிறார்கள். அவர் காலத்துக்கு அப்புறம் எத்தனையோ தடவை வெள்ளையடித்தும் அந்த மூலையை மட்டும் யாரும் தொடவில்லை. மேற்கு அறையில் கொஞ்ச காலம் ஒரு வாத்தியார் குடும்பம் குடியிருந்தது, கதவு நிலையில் அவர்கள் பிள்ளைகளின் உயரம் கத்தியால் கீறியிருக்கிறது. வாடகையாக என்ன வாங்கினார்கள் என்றால், அமுச்சிக்குக் கணக்குப் பாடம் என்று மாமா சிரிப்பார்.

கீழே இறங்கி வருடக் கதையைச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏங்கண்ணு, அப்ப எங்கய்யன் பொய் சொன்னாருங்கறயா?" என்றார்.

இல்லைங்க மாமா என்று இழுத்தேன். அவர் உடையாத ஓடு ஒன்றை எடுத்து, துண்டால் துடைத்து, 1865 தெரிகிற மாதிரி ஆசாரத்து மாடத்தில் சாய்த்து வைத்துவிட்டார்.