ஸ்லைடர் ஆமைக்குஞ்சு மேடை ஏறியது: சூட்சுமம் சரிவிலும் மறைவிலும்தான்

ஒருவழியாக ஆமைக்குஞ்சு, தொட்டியில் காய்வதற்கு வைத்த மேடையில் ஏறிவிட்டது. ஏறியதோடு நிற்காமல், பின்னங்கால் இரண்டையும் நீட்டி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டு விளக்கடியில் கிடக்கிறது. ஆமை வளர்ப்பவர்களுக்கு இந்தக் காட்சியின் அருமை தெரியும். ஓடு முழுக்கக் காயாத குஞ்சுக்கு ஓட்டழுகல் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

குளக்கரைப் புல்லில் கிடைத்த குஞ்சு இது. மேலோட்டு நீளம் 3 செ.மீ.க்குச் சற்றே கூடுதல். பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, மஞ்சள் அடியோட்டில் தகட்டுக்குத் தகடு ஒரு கரும்புள்ளி. ரெட் இயர்டு ஸ்லைடர் என்ற நீர் ஆமைதான், சந்தேகமில்லை. ஆனாலும் நிறத்திலிருந்து தொடங்குவது தப்பு. முதலில் காலைப் பார்க்க வேண்டும். விரலிடைச் சவ்வு இல்லாமல் கால் தூண் மாதிரி இருந்தால் அது நில ஆமை, ஆழமான நீரில் விட்டால் செத்துப்போகும். துடுப்பாக இருந்தால் கடலாமை. அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாமல், ஈர மணல் போட்ட வாளியில் நிழலில் வைத்து உடனே வனவிலங்குத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும். ஓடு தோல் போர்த்தித் தட்டையாக, மூக்கு குழாயாக நீண்டிருந்தால் மென்னோட்டு ஆமை. வால் கிட்டத்தட்ட ஓட்டளவு நீளம் என்றால் ஸ்னாப்பிங் டர்ட்டில். பெயர் தெரியாவிட்டால் மேலிருந்து ஒன்று, வயிற்றுப் பக்க ஓடு தெரிய ஒன்று, தலையின் பக்கவாட்டில் ஒன்று என அளவுகோல் வைத்து மூன்று படம் எடுங்கள். மேலோட்டை மட்டும் எடுத்து அனுப்பினால் யாராலும் சொல்ல முடியாது.

உள்ளூர் இனம் என்றால் தொட்டியே வேண்டாம். ஆமைக் குஞ்சுக்கு முட்டையை விட்டு வந்த நாள் முதலே தாய் கிடையாது. தனியாகத் திரிவதால் அது அநாதை ஆகிவிடாது. சாலையில் போய்க்கொண்டிருந்தால் அது போன திசையிலேயே மறுகரையில் விட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான். ஓடு உடைந்திருந்தால் மட்டும் காற்றோட்டமான பெட்டியில் வைத்து மீட்பு மையத்துக்கோ ஊர்வன பார்க்கும் மருத்துவருக்கோ கொண்டுபோகலாம். பசை வைத்து ஒட்டும் வேலை ஆகாது, அழுக்கு உள்ளே மாட்டிச் சீழ் பிடிக்கும். ஸ்லைடர் கதை வேறு. மிசிசிப்பி ஆற்றுப் படுகை அதன் சொந்த இடம். வெளியே எங்கே விட்டாலும் உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். உலகின் 100 மோசமான அயல் ஊடுருவல் இனங்கள் பட்டியலில் இருக்கிறது. அதனால் திரும்ப விடுவதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் இதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. வேறு பல இடங்களிலும் வளர்க்கத் தடை உண்டு. அனுமதியைக் கேட்டு வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

இனி மேடை. கடையில் வரும் மிதவை மேடை எல்லாம் கையகல ஆமைக்குச் செய்தது. அதன் சரிவுப்பலகை நீரில் பாதியில் தொங்கும். குஞ்சோ தொட்டிச் சுவரை ஒட்டியே நீந்திக்கொண்டிருக்கும், நடுவில் தொங்கும் விளிம்பு அதன் வழியில் வருவதே இல்லை. உறிஞ்சுகப்புகள் இரண்டு நாளில் பாசி பிடித்து வழுக்கும். எல்லாவற்றையும் விட மோசம், மேடைக்கு அடியில் உள்ள இடுக்கு. குஞ்சு அதில் நுழைந்து மாட்டினால் மூச்சுவிட மேலே வர வழியில்லை. அட்டைப்பெட்டியில் மட்டும் 'எல்லா வயதுக்கும்' என்று அச்சடித்திருப்பார்கள்!

கடைசியில் வேலைக்கு ஆனது கார்க் பட்டை. ஒரு முனை தொட்டித் தரையில் ஊன்றி, சுவரோடு ஒட்டி, 30 பாகைக்கு மேல் போகாத சரிவு. அடியில் இடுக்கு இல்லாதபடி உருண்டைக் கற்களால் அடைத்தாயிற்று. கல் ஒவ்வொன்றும் குஞ்சின் தலையை விடப் பெரியது, சின்னதாக இருந்தால் விழுங்கிவிடும். கார்க்கில் நகம் பிடிக்கிறது, வயிற்றுப் பக்க ஓடு உரசிப் புண்ணாவதில்லை. செயற்கைப் புல்விரிப்பைத் தவிர்த்தது அதன் நார் உதிர்ந்து வயிற்றுக்குள் போகும் என்பதால். நல்ல சரிவு அமைந்த பிறகும் ஏறவில்லை. காரணம் வெளிச்சமோ சூடோ அல்ல, மறைவிடம் இல்லாததுதான். திறந்த மேடு குஞ்சுக்குப் பறவை கண்ணில் படும் இடம். சரிவின் இரு பக்கமும் பிளாஸ்டிக் செடியைச் சாய்த்து, தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியில் காகிதம் ஒட்டியதும் ஏறியது. முதலில் தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே. ஆள் நிழல் பட்டால் தொபுக்கென்று நீருக்குள்.

மேடையில் ஓட்டு மட்டத்தில் 32 டிகிரி செல்சியஸ், நீர் 26. ஒட்டும் பட்டை வெப்பமானி கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். முனையை நேராக மேடையில் வைக்கும் டிஜிட்டல் வகை வாங்குங்கள். யூவிபி (புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை) குழல்விளக்குக்கும் மேடைக்கும் 30 செ.மீ. இடைவெளி, நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக் மூடியோ கூடாது, இரண்டும் யூவிபியைத் தடுத்துவிடும். வெளிச்சம் குறையாவிட்டாலும் யூவிபி குறைந்துவிடும் என்பதால் வருடத்துக்கு ஒரு குழல் மாற்ற வேண்டும்.

தீனி பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. அடியோட்டின் நடுவில் தொப்புள் தழும்பும், மூக்கு நுனியில் முட்டைப்பல்லும் தெரிந்தால் குஞ்சு மிகப் புதியது. வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருப்பதால் சில நாள் வாய் வைக்காது. மஞ்சள்கருப் பை வெளியே துருத்தியிருந்தால் ஈரக் காகிதத்துண்டு விரித்த பெட்டியில்தான் வைக்க வேண்டும், தொட்டி பிறகு. நீர் வாழ் ஆமைக்கு நீருக்குள்தான் விழுங்க முடியும், மேடையில் தீனி வைப்பது வீண். இப்போது தினம் ஒரு வேளை, தலையளவு: நறுக்கிய மண்புழு, கொசுப்புழு, ஊறிய பெல்லட் (கடையில் கிடைக்கும் உருண்டைத் தீனி). காய்ந்த இறால் மட்டும் போட்டு வளர்த்தால் சத்துக் குறைந்துவிடும். வைட்டமின் ஏ போதாத குஞ்சுக்குக் கண் வீங்கி மூடிக்கொள்ளும். நீரில் ஒரு கணவாய் ஓட்டுத் துண்டு மிதக்கிறது, கொறிக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தாலோ மூக்கில் குமிழி வந்தாலோ அன்றைக்கே மருத்துவர். அது பெரும்பாலும் நுரையீரல் தொற்று. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், சமையலறைத் தொட்டியில் ஆமைச் சாமானைக் கழுவாததும் சால்மோனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமிக்காக. அமெரிக்காவில் 1975 முதல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமை விற்கத் தடை வந்ததே இதனால்தான்.

ஃபில்டர் இன்னும் தற்காலிக ஸ்பாஞ்ச்தான், இழுவை அதிகமானால் குஞ்சு சுவரோடு ஒட்டிப்போகும். அதற்குள் பெரிய தொட்டி யோசனை வந்துவிட்டது. ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 40 லிட்டர் என்பது வழக்கக் கணக்கு, பெண் ஸ்லைடர் 25 செ.மீ.யைத் தாண்டலாம். கண்ணாடி வேண்டாம், கால்நடைக்குத் தண்ணீர் வைக்கும் வகை பிளாஸ்டிக் தொட்டி போதும். அடியில் வடிகுழாய்க்குத் துளை போடத் தடிமன் தாங்குமா என்று மட்டும் பார்க்க வேண்டும்.