தாளவாடியிலிருந்து: மக்காச்சோளக் காவல்

ஆகஸ்ட் 23, 2025

கதிரில் பால் பிடித்துவிட்டது. இனி அறுவடை முடியும்வரை அப்பா வீட்டில் படுக்கமாட்டார். யானையும் பன்னியும் வராமலிருக்கப் பரணில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும், பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா அவ்வப்போது டார்ச் அடித்துக் குரல் கொடுப்பார், இருவருக்கும் அதுதான் தைரியம். 2023 ஏப்ரலில் கருப்பன் யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் போனார்களே, அது மிதித்துச் செத்தவர்களும் இப்படி ராக்காவலுக்குப் போனவர்கள்தான். அம்மா இப்போதெல்லாம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

ஆகஸ்ட் 25

காட்டுப்பன்னிக்கூட்டம். தின்றது கொஞ்சம், சாய்த்துப்போட்டது நிறைய. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்னிகளை வனத்துறை சுடலாம் என்று ஜனவரியில் அரசு அறிவித்தது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவார்கள், ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. எங்கள் தோட்டமோ காட்டு அகழியை ஒட்டியே இருக்கிறது. அதிகம் இழப்பவனுக்குத்தான் அந்த அறிவிப்பில் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 28

மின்சார லைனிலிருந்து நேரடியாக வேலிக் கம்பிக்குக் கரண்டு விடச்சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். அப்பா கோபமாகிவிட்டார். தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளியில் 2023 மார்ச்சில் அப்படியொரு வேலியில் 3 யானைகள் செத்தன, கூட இருந்த குட்டிகள் இரண்டும் அங்கேயே சுற்றிச்சுற்றி வந்தன. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்றார், நானும் அதையேதான் சொல்வேன். சோலார் வேலி விட்டுவிட்டு அடிக்கும், உயிர் போகாது. ஆனால் குத்தகை நிலத்தில் அவ்வளவு பணத்தை நாங்கள் எப்படிப் போடுவது, நிலத்துக்காரரும் போடமாட்டார்.

செப்டம்பர் 1

விடியற்காலை ஒற்றை யானை. வெடி போட்டும் நகரவில்லை, பாதித் தோட்டம் போய்விட்டது, அப்பா இறங்கி ஓடிவந்துவிட்டார், அதுவே போதும்.

நிவாரணத்துக்கு எழுதிக்கொடுக்கப் போனோம். சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகள் எல்லாம் நிலத்துக்காரர் பெயரில், எங்களுடையது வாய்ப்பேச்சுக் குத்தகை. பணம் வந்தாலும் அவர் கணக்கில்தான் ஏறும். விதை, உரம், உழவு, தூக்கம் எல்லாம் எங்களுடையது. இங்கே எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் இருக்கின்றன, இழப்புக் கணக்கு எதிலும் இவர்கள் பெயர் வராது.

செப்டம்பர் 3

அடுத்த போகம் செண்டுமல்லி போடலாம் என்கிறார் சித்தப்பா. யானை மிதிக்கும், தின்னாது. சரி, ஆனால் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டுக்கு எங்கே போவது?

இந்த மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம்: பயிர் வைத்தவர் யார் என்று விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) நேரில் பார்த்து எழுதவேண்டும், நிவாரணம் அவருக்கே போகவேண்டும். எங்களைப்போல் குத்தகைக்கு உழுகிறவர்கள் கையெழுத்துப் போட வாருங்கள்.