வன்னிக் கடலுக்கு எந்த ஐஸ் பெட்டி?

பரந்தனில் திரும்பி ஏ-35 வீதியால் முல்லைத்தீவுப் பக்கம் போகும் வாகனங்களில் இரண்டு விதமான பெட்டிகளைக் காணலாம். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய மரப்பெட்டி மீன் வியாபாரியுடையது. உள்ளே ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) அடுக்கி, மூடியை ரியூப் றப்பரால் இழுத்துக் கட்டியிருப்பார். வானின் பின் சீற்றில் வெறுமையாய்க் கிடக்கும் நீலமும் வெள்ளையுமான பெட்டி வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்தது. வடிவு இரண்டாவதுக்குத்தான். ஆனால் விசுவமடுவைத் தாண்டும்போது அதற்குள் வெயிலில் கொதித்த காற்று மட்டும் இருந்தால், நாயாற்றில் மீன் ஏறும் நேரத்துக்கு அது பாதி தோற்றுப்போன பெட்டி.

பெட்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்கிற கேள்வி "எத்தனை லீற்றர்?" என்பதுதான். எத்தனை கிலோ ஐஸ், எத்தனை மணித்தியாலம் என்று கேட்டுவிட்டு லீற்றருக்கு வந்தால் கணக்குச் சரியாய் வரும்.

பத்துக் கிலோ மீனை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடலில் மீன் ஏறும்போது அதன் உடல் 29 பாகை அளவில் இருக்கும். அதைப் பூச்சியத்துக்கு இறக்க மட்டும் மூன்று கிலோ ஐஸ் கரைய வேண்டும். இது பெட்டி எவ்வளவு நல்லதானாலும் தவிர்க்க முடியாத செலவு. அடுத்தது சுவரால் நுழையும் சூடு. 50 லீற்றர் அளவான பெட்டிக்கு 25 மில்லிமீற்றர் ரெஜிபோம் சுவர் என்றால், வெளியே 30 பாகையாக இருக்கும்போது மணித்தியாலத்துக்கு அரைக் கிலோவுக்குக் கிட்ட ஐஸ் கரையும். அதே அளவில் 40 மில்லிமீற்றர் பொலியூரித்தேன் நுரை அடைத்த சுவர் என்றால் ஏறத்தாழ 200 கிராம். பன்னிரண்டு மணித்தியாலப் பயணத்தில் ஒன்று ஐந்தரைக் கிலோவைத் தின்னும், மற்றது இரண்டரைக் கிலோவை. இது நிழலில் இருக்கும் பெட்டிக்கு, மூடியைத் திறக்காமல் வைத்தால். படகில் நிழல் ஏது? சோடாப் போத்தலுக்காக மூடியும் அடிக்கடி திறபடும். அதனால்தான் மீனும் ஐஸும் கிலோவுக்குக் கிலோ என்பது எங்கள் பக்கத்து வெக்கைக்கு ஆகக் குறைந்த அளவு.

இனி லீற்றர். உடைத்த ஐஸ் கிலோ ஒன்றுக்கு ஒன்றரை லீற்றர் இடம் பிடிக்கும். பத்துக் கிலோ மீனும் பத்துக் கிலோ ஐஸும் 30 லீற்றருக்குள் அடங்கும். ஆக, மூன்று நாலு பேர் ஒருநாள் போய்வர 40 லீற்றர் தாராளம். 70 லீற்றர் வாங்கினால் நிரப்பவும் ஐஸ் காணாது, நிரப்பினால் தூக்கவும் ஆள் காணாது. அமெரிக்கப் பெட்டிகளில் லீற்றர் இராது, குவாட் இருக்கும். ஒரு குவாட் ஒரு லீற்றரை விடக் கொஞ்சம் குறைவு. 48 குவாட் என்றால் 45 லீற்றர். சில கொம்பனிகள் பெயரோடு ஒட்டும் இலக்கம் கொள்ளளவே இல்லை. டேப்பை எடுத்து உள்ளளவு நீளம், அகலம், ஆழத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் பிரியுங்கள். நீளத்தை அளக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: ஒரு முழுச் சீலா அதில் கிடக்காது. வாலை மடக்கிக் குறுக்கே திணித்தால் தசை வெடிக்கும். பெரிய மீன் நோக்கமென்றால் தலையைக் கழிக்கத் துணிந்து போங்கள்.

இனிக் கடையில் பார்க்க வேண்டியது. மூடியை விரல் முட்டியால் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று வெறும் தகரப்பேணிச் சத்தம் வந்தால் உள்ளே நுரை இல்லை, காற்றுத்தான். மலிவுப் பெட்டிகளில் பலதுக்கு இதுதான் வியாதி: சுவரில் நுரை அடைத்திருப்பார்கள், மூடியை வெறுமையாய் விட்டிருப்பார்கள். உச்சி வெயில் விழுவதோ மூடியில். வாங்கியாயிற்று என்றால் மருந்து உண்டு. மூடியின் உட்பக்கத்தில் 8 மில்லிமீற்றர்த் துளைகள் ஐந்தாறு போட்டு, நுரை ஸ்பிரேயை மூன்றிலொரு பங்குக்கு மேல் போகாமல் அடியுங்கள். அது பொங்கிப் பெருகும். ஒரேயடியாய் நிரப்பினால் மூடி வயிறு ஊதி வளைந்து, பிறகு எந்தக் காலத்திலும் பொருந்தாது. காற்றுப் படாத இடத்தில் நுரை இறுக நாளெடுக்கும். ஒரு நாள் விட்டு அடுத்த தடவை அடியுங்கள். பிறகு துளைகளைச் சிலிக்கனால் அடையுங்கள்.

அடுத்தது மூடியின் றப்பர். ஒரு கடுதாசித் துண்டை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டும். நாலு பக்கமும், நாலு மூலையும் செய்யுங்கள்; பிணைச்சல் இருக்கும் பின்பக்கம்தான் பெரும்பாலும் வழுகும். பிணைச்சல் ஆணி துருப்பிடிக்காத உருக்கா என்று காந்தத்தால் பார்க்கலாம். ஒட்டினால் அநேகமாகச் சாதாரண இரும்பு, ஒரு பருவத்தில் உப்பு அதைத் தின்றுவிடும். அடியில் உள்ள தண்ணீர்த் தக்கையைக் கழற்றி, திருகு பிளாஸ்ரிக்கில் ஒழுங்காய் இறங்குகிறதா, வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். தக்கையை நைலோன் நூலால் கைபிடியோடு கட்டிவிடுங்கள். கடலுக்குள் விழுந்த தக்கைக்குப் பதில் உருட்டிய பொலித்தீனை வைத்து வந்த பெட்டிகள் இந்தக் கரையில் கொஞ்சமல்ல.

சில்லு வைத்த பெட்டிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். முல்லைத்தீவு மணலில் சில்லு உருளாது, உழும். இரண்டு பேர் பிடிக்கிற கயிற்றுக் கைபிடிதான் உதவும்.

தடித்த சுவருள்ள, வார்ப்பில் செய்த விலை கூடிய பெட்டிகளைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டு மூன்று நாள் தங்கலுக்கு அவை பெறுமதி. ஒருநாள் பயணத்துக்கு அவ்வளவு லாபமில்லை. வெறுமையாகவே பத்துக் கிலோ இருக்கும் அந்தப் பெட்டி, வெயிலில் கிடந்து சூடாகியிருந்தால், தன்னைக் குளிர்விக்கவே ஒரு கிலோ ஐஸைக் குடித்துவிடும். எந்தப் பெட்டியானாலும் முதல்நாள் இரவே இரண்டு மூன்று ஐஸ் போத்தல்களைப் போட்டு மூடி வையுங்கள். ஒன்றரை லீற்றர்ப் போத்தலைக் கழுத்துக்குக் கீழே நிரப்பினால் போதும். தண்ணீர் உறையும்போது ஒன்பது வீதம் பெருக்கும். முட்ட நிரப்பினால் வெடிக்கும். ரெஜிபோம் பெட்டியை நாங்கள் குறை சொல்லமாட்டோம். பாரமில்லை, மலிவு, ஒருநாளைக்குத் தாங்கும். ஆனால் உட்சுவரில் கீறல் விழுந்தால் இரத்தத் தண்ணீரைக் குடித்து நாறும். உள்ளே தடித்த பொலித்தீனை விரித்து, வெளியே உரப்பையால் சுற்றிக் கட்டினால் ஆயுள் கூடும்.

ஐஸை முல்லைத்தீவுக்கு வந்து தேடுவோம் என்று விடாமல், புறப்படும் இடத்திலேயே பாளமாய் வாங்குங்கள். பாளம் மெதுவாய்க் கரையும், உடைத்தது கெதியாய்க் குளிர்விக்கும். பாதியைப் பாளமாக அடியில் வைத்து, மீதியைக் கரையில் வைத்துச் சாக்குக்குள் போட்டு உடையுங்கள். கை முட்டியளவு கட்டிகள் கூரான முனையால் மீனைக் குத்தும். புளியங்கொட்டை அளவுக்கு நொறுங்கினால் நல்லது. உமியில் புதைத்து வந்த பாளமென்றால் கழுவாமல் உடைக்க வேண்டாம்.

வட்டுவாகல் பாலம் தாண்டி, சிலாவத்தை, அளம்பில், செம்மலை என்று தெற்கே இறங்கினால் நாயாறு; இன்னும் போனால் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய். தென்மேற்குக் காற்றான சோளகக் காலம் இந்தக் கரைக்கு அமைதி, மாரியில் வாடை வந்தால் இங்கே தொழில் குறையும். மணலில் இருந்து படகைத் தள்ளி அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போது அணியம் (படகின் முன்பக்கம்) ஒரு முழம் எழும்பும். அதற்கு முன்பே பெட்டி நடுவில், குறுக்குப் பலகையோடு கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும். பைபர் படகின் தரை வெயிலில் சுடும், அடியில் எண்ணெய் கலந்த தண்ணீரும் நிற்கும். இரண்டு மரச்சட்டத்தின் மேல் பெட்டியை வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போடுங்கள். காய்ந்த கச்சான் காற்றில் அந்த ஈரச் சாக்கு செய்கிற வேலை விலை கூடிய மூடியும் செய்யாது. குடிக்கிற தண்ணீருக்குத் தனிச் சின்னப் பெட்டி. இல்லாவிட்டால் மீன் பெட்டி மணிக்குப் பத்துத் தரம் திறபடும்.

மேற்கே நாச்சிக்குடா, இரணைதீவுப் பக்கம் என்றால் வேறு கூத்து. பாக்கு விரிகுடாவில் கரையோரம் ஆழமில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்துதான் படகில் ஏற நேரும், நுரைப் பெட்டியைத் தோணி மாதிரி மிதக்கவிட்டு இழுத்துப் போகலாம். தக்கை ஒழுகினால் அங்கே தெரிந்துவிடும். இரணைமடு, வவுனிக்குளம் போன்ற குளங்களுக்குச் சின்னப் பெட்டியே அதிகம். விரால் ஈரச் சாக்கில் மணிக்கணக்காய் உயிரோடு கிடக்கும்.

மீன் ஏறியதும் செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிடுங்கள். பிறகு இரண்டு பங்கு உடைத்த ஐஸ், ஒரு பங்கு கடல்தண்ணீர் கலந்த குழம்புக்குள் இறக்குங்கள். தண்ணீர் மீனின் எல்லாப் பக்கமும் தொடும், உப்பு சேர்ந்ததால் பூச்சியத்துக்கும் கொஞ்சம் கீழே போகும். வெறும் ஐஸில் கிடப்பதை விடக் கெதியாய் நடு முள் வரை குளிரும். கரையோரக் கலங்கல் தண்ணீரை எடுக்க வேண்டாம், வெளிக்கடலில் அள்ளுங்கள். குளிர்ந்த பின் குழம்பை வடித்து, ஐஸும் மீனும் மாறி மாறி அடுக்குங்கள். குடிபானப் பெட்டியில் உருகிய தண்ணீரை வைத்திருப்பது நல்லது. மீன் பெட்டியில் அது இரத்தத் தண்ணீர், வடிக்க வேண்டும்.

சூரை, கும்பளா, அறக்குளா, சூடை வகைகளில் அவசரம் கூட. இவை சூட்டில் கிடந்தால் தசையில் ஹிஸ்டமின் உண்டாகும். பொரித்தாலும் காய்ச்சினாலும் அது போகாது. சாப்பிட்டு அரைமணியில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடித்தால் 'சூரை எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் ஒத்துக்கொள்ளாதது மீனல்ல, ஐஸ் போடாத மூன்று மணித்தியாலம். இறாலையும் உடனே ஐஸுக்குள் மூடுங்கள், இல்லையேல் தலை கறுக்கும். கணவாயைப் பொலித்தீனில் கட்டி வையுங்கள். உருகிய தண்ணீர் பட்டால் வெளிறிப்போகும். உயிர் நண்டை ஐஸில் புதைக்கக் கூடாது. ஐஸின் மேல் பலகைத் துண்டு, அதன் மேல் ஈரச் சாக்கு, அதன் மேல் நண்டு.

வீடு வந்ததும் அன்றிரவே கழுவுங்கள். மீன் நாற்றத்துக்கு அப்பச்சோடாவை விடத் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ வேலை செய்யும். அந்த நாற்றம் காரத் தன்மையானது, புளி அதை முறிக்கும். றப்பர் விளிம்பின் மடிப்பைப் பழைய பல்துலக்கியால் உரசுங்கள், செதில் அங்கேதான் ஒளிந்திருக்கும். நிழலில் காயவைத்து, மூடியை இறுக்கிப் பூட்டாமல், பழைய செருப்புத் துண்டொன்றை இடையில் செருகி வையுங்கள்.