மேற்கே ஓடும் ஆறு

பொள்ளாச்சியிலிருந்து மீன்கரை ரோட்டில் போனால் அம்பராம்பாளையத்தில் ஒரு பாலம் வரும். வண்டியை அங்கே ஓரங்கட்டுங்கள். தெற்கே ஆனைமலை. அதே தொடர் உள்ளே போகப் போக ஏறி, ஆனைமுடியில் 2695 மீட்டரைத் தொடுகிறது. மேற்கே பார்த்தால் மலையே இல்லை, வெறும் வானம். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கிட்டத்தட்ட 30 கி.மீ. அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுவைத்த வாசல். ஆடியில் அது வழியாக வரும் காற்றுக்கு வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

பாலத்துக்குக் கீழே ஆழியாறு. நொய்யலும் அமராவதியும் கிழக்கே போய்க் காவிரியில் சேர, இது மட்டும் மேற்கே திரும்பிக் கேரளத்துச் சித்தூர் பக்கம் போய்ப் பாரதப்புழையில் கலக்கிறது. மலைதான் எல்லை, எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தண்ணீர் கிழக்கே ஓடும் என்ற பள்ளிக்கூடக் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. மீனாட்சிபுரத்தில் எல்லை கடப்பது தென்னந்தோப்புகளுக்கு நடுவே. பவானியோ இன்னும் வேடிக்கை: நீலகிரியில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடிக்குள் போய், முக்காலி பக்கம் வளைந்து நம்மிடமே திரும்பிவிடுகிறது. கோவைக்காரர்கள் பெருமையாகக் குடிக்கும் சிறுவாணி தேங்கி நிற்கும் அணையும் பாலக்காடு மாவட்டத்தில்தான்.

பாலத்தை ஒட்டிய டீக்கடையில் ஒரு பெரியவர், "ஏனுங் தம்பி, மழ நம்முளுது, தண்ணி மட்டும் மலையாளத்துக்குப் போகுதுங்" என்றார். தமிழகமும் கேரளமும் போட்ட 1970 ஒப்பந்தப்படி, எல்லையோரத்து மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு விட வேண்டும், அதைத்தான் சொல்கிறார்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில். அரபிக்கடலுக்குப் போக வேண்டிய அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதிக்கு வந்து, காண்டூர் கால்வாயில் மலையடிவாரத்தை ஒட்டியே திருமூர்த்தி அணைக்குப் போகிறது. அங்கிருந்து உடுமலை, பல்லடம், காங்கயம் காடுகளுக்குப் பாசனம். ஒரு ஆற்றின் திசையையே மாற்றிய இந்த வேலைக்கு முன்னால் வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகள் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது உடுமலைக்காரனுக்கும் காங்கயத்துக்காரனுக்கும் போகுதுங் தம்பி. எங்க தோப்புக்கு எங்கீங் வருது?"