"டவுட்" என்ற ஒரு சொல்

பணியிட ஆங்கிலம் என்றதும் நம் பிள்ளைகள் இலக்கணத்தை எண்ணித்தான் அஞ்சுகிறார்கள். ஆனால் மென்பொருள் துறையில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டி வரும் நான் பார்த்தவரை, அவர்கள் தடுமாறும் இடம் வேறு. வகுப்பறைப் பழக்கத்தில் "டவுட்" என்றால் நமக்குக் கேள்வி. அதே சொல்லை லண்டனில் இருக்கும் வாடிக்கையாளரிடம் "ஐ ஹேவ் எ டவுட்" என்று சொன்னால், தம் பேச்சை நாம் நம்பவில்லையோ என்று அவர் நினைக்கக்கூடும். "குவெஸ்டின்" என்ற எளிய சொல்லே அங்கே போதும். பதில் அனுப்புவதை நாம் "ரிவர்ட்" என்கிறோம். அங்கே பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புதல்.

பணிவைக் காட்டும் முறை இன்னும் நுட்பமானது. தமிழில் "அனுப்புங்கள்" என்னும்போது வினையின் விகுதியே மரியாதையைச் சுமக்கிறது. ஆங்கில ஏவல் வினைக்கு அத்தகைய விகுதி இல்லாததால், நாம் பணிவோடு எண்ணி எழுதும் "செண்ட் தி ஃபைல்" என்ற வரி கட்டளையாகப் போய்ச் சேர்கிறது. "குட் யூ செண்ட்" என்று கேள்வியாக மாற்றும்போதுதான் நம் மனம் அவருக்குப் புரிகிறது. இதை விளக்கியபோது, "அப்படியென்றால் இத்தனை நாளும் அவர்களை அதட்டிக்கொண்டா இருந்தேன், சார்?" என்று ஒரு பெண் கலங்கிக் கேட்டார். தவறு அவருடையதன்று, யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

மாணவர்களின் திறன் வளர்ப்புக்காகத் தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கும் இடம் தந்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அவ்வகுப்புகளில் இத்தகைய வேறுபாடுகளைத் தமிழின் வழியாகவே விளக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.