பட்டாவில் விட்டுப்போன ‘சின்ன’

2025 மார்ச்சில் இ-சேவை மையத்துப் பிரிண்டரிலிருந்து அந்தத் தாள் வெளியே வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. தாத்தா வாங்கிய 1 ஏக்கர் 12 சென்ட் புஞ்சை நிலம் அத்தை, அம்மா, தங்கை, நான் என்று நாலு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக வந்திருந்தது. முதல் மனு போட்டது 2023 ஜூலையில். இடையில் இருபது மாதம், இரண்டு நிராகரிப்பு, எத்தனையோ நாள் சம்பளம் போன விடுப்பு. இதே நிலைமையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாலாற்றுக்குத் தெற்கே இருக்கிறது. இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், 2019 வரை வேலூர் மாவட்டம், தாத்தா காலத்தில் வட ஆற்காடு. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் விடியற்காலை ரயில் பிடித்து வாலாஜா ரோட்டில் இறங்கி, அங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும்.

அப்பா இறந்த பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கப் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தது. அப்பாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சிக்கலில்லாமல் கிடைத்துவிட்டன. அவற்றை வைத்து இ-சேவையில் 60 ரூபாய் கட்டி பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். இருபது நாளில் நிராகரிப்பு. காரணம் என்று ஒரே வரி: ஆவணங்கள் பொருந்தவில்லை.

எந்த ஆவணம், எதோடு பொருந்தவில்லை? தாலுகா அலுவலகத்துக்குப் போய் இரண்டு முறை கேட்டேன். அந்தப் பிரிவில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, “காரணம் அதுலயே போட்டிருக்கு பாருங்க” என்றார். மூன்றாவது தடவை போனபோது, வெளியே டீக்கடையில் நின்றிருந்த கிராம உதவியாளர் ஒருவர்தான் பரிதாபப்பட்டுச் சொன்னார்: “பட்டாவுல இருக்கறவரு வேற, உங்க பத்திரத்துல இருக்கறவரு வேறன்னு எழுதி அனுப்பிட்டாங்க சார்.”

அன்றைக்கு இரவே பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1958ஆம் வருஷப் பத்திரத்தில் தாத்தா பெயருக்கு முன்னால் ‘சின்ன’ என்று இருக்கிறது. பட்டாவில் அது இல்லை. தகப்பனார் பெயரிலும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. எங்கள் ஊரில் குலசாமி பெயரையே பல வீடுகளில் வைப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் வயதில் மூத்தவர் பெரிய, இளையவர் சின்ன. ஊருக்குள் அந்தச் சொல்தான் ஆளையே அடையாளம் காட்டும். ‘சின்ன’ போய்விட்டால் அந்த நிலம் வேறொரு குடும்பத்துப் பெரியவருடையது மாதிரி ஆகிவிடுகிறது.

இது எப்போது விட்டுப்போனது? அலுவலகங்களில் யூ.டி.ஆர். என்று சொல்கிறார்களே, அந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது. 1979இல் தொடங்கி 1987 வரை நடந்தது. ஏக்கர், சென்ட் கணக்கை ஹெக்டேர், ஏருக்கு மாற்றி, ஊர் ஊராகப் புதிதாகப் பதிவேடு எழுதினார்கள். எங்கள் 1 ஏக்கர் 12 சென்ட் 0-45.50, அதாவது நாற்பத்தைந்தரை ஏர், ஆனது அப்போதுதான். நடுவில் 1980 நவம்பரில், ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம், வரி வசூலித்த மணியக்காரர் என்ற பரம்பரைப் பதவிகளை அரசு ஒழித்துவிட்டது. யார் பெரிய, யார் சின்ன என்று முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடிய ஆள் கணக்கு எழுதும் இடத்தில் இல்லாமல் போனார். பதவி ஒழிந்தது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டியிருந்தால் போதும். தாத்தா அப்போது உயிரோடுதான் இருந்தார். படிக்கத் தெரியாது, கைநாட்டு.

அப்பா இதைச் சரிசெய்ய 2018இல் ஒருமுறை முயன்றிருக்கிறார். ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு எங்கள் பக்கம் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. அந்த ஐந்து வருஷமும் ஊருக்குத் தலைவர் கிடையாது, தனி அலுவலர்தான். அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விஷயத்தை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் அப்பா விட்டுவிட்டார். நான் 2023 அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுத்துப் பார்த்தேன். தலைவர் அன்பாகவே பதில் சொன்னார்: பட்டா வருவாய்த்துறை சம்பந்தப்பட்டது, ஊராட்சியில் தீர்மானம் போட்டு மாற்ற முடியாது. இது தெரிந்திருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும். தெருவிளக்கு, குடிநீர், வீட்டுவரிக்கு ஊராட்சி. நிலத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலகம்.

டிசம்பரில் இரண்டாவது மனு. இந்தத் தடவை கேட்டது தாத்தாவின் இறப்புச் சான்று. அப்பாவின் வாரிசுச் சான்று மட்டும் போதாது, பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வாரிசுச் சான்றும் வேண்டும். இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம். அப்பாவின் பழைய நோட்டில் தாத்தா 1987இல் இறந்ததாக எழுதியிருந்தது. பழைய இறப்புப் பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு அங்கே போய், 1987ஆம் வருஷத்துக்குத் தேடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் பதிவு இல்லை என்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. பதிவே இல்லையென்றால் கோட்டாட்சியரிடம் தனியாக மனுப் போட்டு, விசாரணை நடந்து, உத்தரவு வாங்கிப் பதிய வேண்டும்.

அத்தைதான் காப்பாற்றினார். “அது எம்பத்தேழு இல்லடா. எம்.ஜி.ஆரு செத்த மறு மாசம். ஊர்ல மாடு வுட்ட மறுநா. வந்த சனமெல்லாம் ஊர்லயே இருந்துச்சி.” எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. மறு மாதம், பொங்கலை ஒட்டி மாடு விடும் திருவிழா. அப்படியென்றால் 1988 ஜனவரி. மறுபடி எழுதிக் கொடுத்தேன். கிடைத்தது. அந்தப் பதிவில் தாத்தா பெயருக்கு முன்னால் ‘சின்ன’ என்ற சொல்லும் இருந்தது! வீட்டில் வயதானவர்களை உட்கார வைத்துக் கேட்காமல் எந்த வருஷத்தையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

அந்த அத்தையைத்தான் வாரிசுப் பட்டியலிலிருந்து விட்டுவிடச் சொன்னார் ஒருவர். அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர். “கல்யாணம் ஆகிப் போனவங்களைச் சேர்த்தா கையெழுத்துக்கு அலையணும், விட்டுட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்” என்றார். தாத்தா சொந்த உழைப்பில் வாங்கி, உயில் எழுதாமல் விட்டுப்போன நிலம். 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு என்ன பங்கோ அதே பங்கு மகளுக்கும் உண்டு. அவசரத்துக்காக உண்மையை மறைத்து வாரிசுச் சான்று வாங்கினால் பின்னால் அது ரத்தாகும். அதைவிட, கூடப் பிறந்தவளை இல்லையென்று எழுத அப்பா சம்மதித்திருக்கவே மாட்டார். அத்தை பெயரை முதலில் எழுதினேன்.

அங்கேயும் ஒரு தடங்கல். அத்தையின் ஆதாரில் வேலூர் மாவட்டம், என் ஆதாரில் ராணிப்பேட்டை, வீட்டில் இருந்த பழைய ரசீதில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பத்திரத்தில் வட ஆற்காடு. முகவரி ஒத்துப்போகவில்லை என்று திருப்பினார்கள். ஊர் நகரவே இல்லை. மாவட்டத்தின் பெயர்தான் மாறியது. 1989இல் திருவண்ணாமலையைப் பிரித்தபோது ஒரு பெயர், 1990களின் பிற்பகுதியில் வேலூர், 2019இல் மூன்றாகப் பிரித்தபோது ராணிப்பேட்டை. எல்லாம் ஒரே ஊர்தான் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று வாங்கி இணைத்தேன். புதிய மாவட்டங்களில் இருப்பவர்கள் இந்தச் சான்றை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெயர்த் திருத்தம். யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகல் வேண்டும் என்றார்கள். அது அவர்களுடைய பதிவறையிலேயே இருக்கிறது, ஆனால் கேட்டால் “தேடணும், அடுத்த வாரம் வாங்க” என்பார்கள். நாலு அடுத்த வாரம் போனது. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பழைய சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, நில உடைமை விவரம் இருக்கும் ‘அ’ பதிவேடு, சாகுபடி விவரம் இருக்கும் அடங்கல் இரண்டுக்கும் சான்றிட்ட நகல் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 30 நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு அனுப்பிய ஒரே வாரத்தில் நகல் வீடு தேடி வந்தது. பழுப்பேறிய பக்கம், மசி கலங்கிய கையெழுத்து, நடுவில் தெளிவாக ‘சின்ன’. இதை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள்: நேரில் கெஞ்சியதில் போன ஒரு மாதத்தை அந்த 10 ரூபாய் ஸ்டாம்ப் மிச்சப்படுத்தியிருக்கும்.

2024 ஜூனில் ஜமாபந்தி, அதாவது வருஷாவருஷம் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை. வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில் பசலி 1433. நான் முதல் நாளே போய் நின்றேன். எங்கள் ஊர் சேர்ந்த பிர்காவுக்கு (சில ஊர்கள் சேர்ந்த வருவாய் வட்டாரம்) மூன்றாம் நாள். பிர்கா வாரியாகத் தேதி போட்டு அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்ததை ஊரில் யாரிடமாவது பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் நாள் கொடுத்த மனுவுக்குத்தான் வேகம் வந்தது. மனுவுக்கு எண் போட்டுக் கொடுத்தார்கள். கோப்பு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனது. விசாரணைக்கு அழைப்பு வந்தது, எங்களுக்கும் ‘பெரிய’ குடும்பத்துக்கும்.

அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. பட்டாவில் இருப்பது தங்கள் தாத்தா பெயர்தான் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கோர்ட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பெரியவரின் பேரன் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை செய்கிறார். அரை நாள் லீவு போட்டு வந்தார். அதிகாரி கேட்டதற்கு, “அந்த நிலத்துல எங்க பெரியவங்க ஒருநாளும் ஏர் கட்டனதில்ல சார். அது சின்ன தாத்தாவோடது” என்று சொல்லி, அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு காபிகூடக் குடிக்க மாட்டேன் என்று பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

திருத்த உத்தரவு 2025 ஜனவரியில் வந்தது. மறுபடி 60 ரூபாய், மறுபடி விண்ணப்பம், இந்தத் தடவை கேள்வியே இல்லை. விவசாயிகளுக்கான தனி அடையாள எண் பதிவு முகாம் ஊரில் நடந்துகொண்டிருந்த சமயத்தில் பட்டா கைக்கு வந்தது.

தாளை அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தன் பெயரை விட்டுவிட்டுத் தகப்பனார் பெயர் இருக்கும் இடத்துக்கு விரலைக் கொண்டுபோனார். சி, ன், ன என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, தாளை மடிக்காமல் வைக்க ஒரு கவர் கேட்டார். நிலத்தை அவரவர் பங்காகப் பிரிக்கும் உட்பிரிவுக்கு இன்னும் மனுப் போடவில்லை. வேர்க்கடலை பிடுங்கி முடியட்டும் என்கிறார்.